தேசிய கீதத்துக்கு அசையாமல் நின்ற புயல்

வூமயார்வி காந்த ஆய்வு நிலையத்தில் வருடம் முழுக்க யாரும் யாரையும் பட்டம் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. இயக்குநரையே, "தாவெட்டி, கெட்டில் காலி. கடைசிக் கோப்பை ஊத்திக்கிட்டது நீதான், நீயே போடு" என்பாள் சமையற்கூடத்துச் சிர்க்கா. அவரும் முனகிக்கொண்டே போடுவார். பின்லாந்தில் காப்பி விஷயத்தில் பதவி செல்லாது.

நிலையத்தின் ஆண்டு விழா நாள் மட்டும் வேறு. அன்றைக்கு அவர் பேராசிரியர் தாவெட்டி ஹொங்கலா. பின்பக்கம் வால் தொங்கும் கறுப்புக் கோட்டு, தலையில் புகைபோக்கி மாதிரித் தொப்பி, இடது இடுப்பில் வாள். இந்த நாட்டில் முனைவர் பட்டம் என்றால் வெறும் தாள் இல்லை. தொப்பியும் வாளும் உண்டு. தொப்பி சுதந்திரச் சிந்தனைக்காம், வாள் உண்மையைக் காப்பதற்காம். உண்மையைத் தவிர மற்றதையெல்லாம் அந்த வாள்கள் இடித்துக்கொண்டே போகும்: நாற்காலி, பூச்சாடி, பக்கத்தில் நிற்பவரின் முழங்கால்.

இந்த இலையுதிர்காலத்து விழாவில் வாள் கட்டியவர்களில் புதியவள் ஹெல்கா. வசந்தத்தில்தான் பட்டம் வாங்கியிருந்தாள். அவள் குடும்பத்தில் வாள் கட்டிய முதல் ஆள். அப்பா ஏமெலி பனிமான் மேய்ப்பவர். குளிர்காலத்துக் கறி விற்ற காசில் பாதியைக் கொண்டுபோய், இருப்பதிலேயே பளபளப்பான வாளாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். "வாடகைக்கு எடுத்தாப் போதும்பா" என்று அவள் சொன்னதற்கு, "வாடகைக் கத்தியால என் மான் காதுலகூட நான் அடையாளம் வெட்டினது இல்ல" என்று முடித்துவிட்டார். அன்று காலை அந்த வாளை இடுப்பில் மாட்டி நிலைக்கண்ணாடி முன் நின்றபோது, மகளைவிட அப்பாதான் அதிகமாக நிமிர்ந்து நின்றார்.

"சரி, இன்னிக்கு உனக்கும் தாவெட்டிக்கும் என்ன சண்டை? அதைச் சொல்லு" என்றார் காரில்.

"சண்டை இல்லப்பா. விவாதம்."

"விவாதம்னா கத்தாம போடுற சண்டை. சொல்லு."

ஹெல்கா சொன்னாள். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. அது சூரியனின் காந்தத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றை முகத்தில் வாங்கும் பக்கத்தில் பூமியின் காந்தம் வடக்கு நோக்கி நிற்கிறது. வருகிற காந்தம் தெற்கு நோக்கி இருந்தால் எதிரும் புதிருமாகச் சேர்ந்து இரண்டும் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கதவு திறந்தது போல. காற்றின் வலு உள்ளே கொட்டும். வானத்தில் ஒளி ஆடும், பூமிக்கடியில் மின்சாரம் கிளம்பும், மின்கம்பிகள் திணறும். வருகிறதும் வடக்கு நோக்கியே இருந்தால், என்ன வேகத்தில் வந்தாலும் பெரும்பாலும் ஓரமாக வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"அவர் என்ன சொல்றாரு?"

"வேகம்தான் எல்லாம்ங்கிறாரு. திசை வெறும் அலங்காரமாம்."

ஏமெலி வளைவில் காரைத் திருப்பினார். "வேலியில வாசல் இல்லாத பக்கமா மந்தையை வேகமா ஓட்டினா மூக்குதான் உடையும்" என்றார். பிறகு, "ஆனா தாவெட்டிக்குப் பெரிய மூக்கு. தாங்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

விவாதம் அன்றைக்கு முடிவுக்கு வந்தாக வேண்டும். நாட்டுக்கே சூரியப் புயல் எச்சரிக்கை தரும் மையத்தை வூமயார்வியில் வைப்பதாக முடிவாகியிருந்தது. அபாயமணி எப்போது அடிப்பது என்ற விதி மட்டும் பாக்கி. ஹொங்கலாவின் வரைவில், காற்று வேகமெடுத்தால் மணி அடிக்கும். ஹெல்காவின் வரைவில், காந்தம் தெற்கே திரும்பினால் மணி அடிக்கும். முதல் விதிப்படி போனால் வாரத்துக்கு ஒரு தடவை சும்மா மணி அடிக்கும். ஆறே மாதத்தில் மின்வாரியத்துக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். உண்மையில் அடிக்கும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஹெல்காவின் ஆய்வேடு முழுக்க இந்த ஒன்றைத்தான் கரடியாகக் கத்தியிருந்தது. அமைச்சர் அம்மையார் வெளிப்படையான ஆள். "எனக்கு விஞ்ஞானம் தெரியாது. விழாவுக்கு வர்றேன், ரெண்டு பேரும் சொல்லுங்க, அங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்" என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கென்று பார்த்துச் சூரியக் காற்று வெறி பிடித்தது போல வீசியது. பூமிக்கு வெகு முன்னால் காவல் நிற்கும் விண்கலம் சொன்ன செய்தி: வேகம் மிக அதிகம், காந்தம் பலமாக வடக்கு நோக்கி. ஹொங்கலா கைகளைத் தேய்த்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த நாள். வடக்குக் காந்தத்தில் புயல் அடித்துவிட்டால், திசைக்காரர்கள் எல்லோரும் வாயை மூட வேண்டியதுதான்.

"இன்னிக்குப் பாரு ஹெல்கா" என்றார்.

"பாக்கத்தானே வந்திருக்கேன், தாவெட்டி."

"இன்னிக்கு மட்டும் பேராசிரியர்னு சொல்லேன். அமைச்சர் வந்திருக்காங்க."

காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் முடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. பைன் காட்டுக்குள் ஒரு மரக்குடிசை. அதற்குள்தான் பூமியின் காந்தத்தை ராப்பகலாக அளக்கும் கருவி. குடிசையில் ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது. எல்லாம் செம்பு, மரமுளை. இரும்பு பக்கத்தில் வந்தால் கருவி உளறும். ஆகவே சுற்றிலும் மரவேலி, வேலிக்கு ஒரு வாசல், வாசலில் ஒரு பிரப்பங்கூடை. சாவி, கைபேசி, இடுப்புவார், எல்லாவற்றையும் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வூமயார்வியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

வாசலில் ஹொங்கலாவே நின்றார். ஏமெலி இடுப்புக் கத்தியைக் கழற்றிப் போட்டார். பாடகர் குழு சாவிக்கொத்துகளைப் போட்டது. சிர்க்கா காலணிகளைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸில் ஏறிக்கொண்டாள். அவள் காலணிக் குதிகாலுக்குள் எஃகுத் தகடு உண்டாம். அமைச்சர் கைப்பையை வைத்தார்.

"மன்னிக்கணும் அமைச்சரே" என்று ஹொங்கலா குனிந்தார். "கொண்டை ஊசி."

"அதுவுமா?"

"கருவி ரொம்ப நுட்பமானது."

அமைச்சர் ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். அழகாகக் கட்டியிருந்த கொண்டை அவிழ்ந்து காற்றில் நாலாபக்கமும் பறந்தது. ஹொங்கலா திருப்தியோடு கூடையை ஒதுக்கி வைத்துவிட்டு, வாள் வேலிக் கட்டையில் டங்கென்று இடிக்க, முன்னால் நடந்தார். பின்னால் தெற்கிலிருந்தும் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வந்த முனைவர்கள், வாள்களோடு, வரிசையாக. ஹெல்காவும் நடந்தாள். தன் வாள் தொடையில் தட்டும் ஒவ்வொரு தட்டலையும் அப்பா கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே.

ஒருவருக்கும் தோன்றவில்லை. வாள் இரும்பாகத் தெரிந்தால்தானே தோன்றும்! அது பட்டம்.

முனைவர்கள் குடிசையை நெருக்கமாகச் சூழ்ந்து நின்றார்கள். வேலிக்கு வெளியே, தூரத்தில், ஒரு பெரிய திரை. கருவி எழுதுகிற கோடு அதில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பலகை போல் தட்டையாக இருந்த கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துள்ளி எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

ஹொங்கலாவின் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு அவ்வளவு பெரிய தொப்பியும் நிழல் போட முடியவில்லை.

"அமைச்சரே! நண்பர்களே! காந்தம் வடக்கு, ஆனாலும் புயல்! உலகத்துலயே முதல் தடவை! இந்த மண்ணுல!"

கைத்தட்டல் காட்டையே உலுக்கியது. கோடும் குலுங்கியது. ஹெல்காவின் இரண்டு வருடக் கணக்கு, நான்கு வருட எழுத்து, அத்தனையும் அந்தத் திரையில் துள்ளிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டின் எந்தப் பக்கம் தப்பு என்று மனசு பக்கம் பக்கமாகப் புரட்டியது. அமைச்சரின் உதவியாள் ஹொங்கலாவின் வரைவையும் பேனாவையும் எடுப்பது தெரிந்தது. ஏமெலி திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு மரியாதையாக ஒரு பைன் மரத்தைப் பார்த்தார்.

"இந்தப் பொன்னான நேரத்துல, தேசிய கீதம்!" என்றார் ஹொங்கலா.

பாடகர் குழு பாடியது. முனைவர்கள் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்து, விறைத்து, கல்லாக நின்றார்கள். பின்லாந்துக்காரர்கள் பேசாமல் அசையாமல் நிற்பதில் கெட்டிக்காரர்கள். அதற்குப் பயிற்சியே தேவையில்லை. கடைசி வரி முடிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள், தொப்பியை மாட்டினார்கள், கால் மாற்றி நின்றார்கள். கோடு மறுபடி துள்ளியது.

"பாத்தீங்களா?" என்றாள் சிர்க்கா பின்னாலிருந்து. "கீதம் முடியறவரைக்கும் புயல் ஆடாம அசையாம நின்னுச்சு. சூரியனுக்குக்கூட நம்ம நாட்டு மேல மரியாதை."

எல்லோரும் சிரித்தார்கள். ஹொங்கலா நெஞ்சு விம்மச் சிரித்தார். ஹெல்கா சிரிக்கவில்லை. கீதம் நடந்த நேரத்துக் கோட்டைத் திரும்பப் பார்த்தாள். ஒரு பிசிறுகூட இல்லை. சூரியனுக்கு எந்த நாட்டுக் கீதமும் தெரியாது. யாருக்குத் தெரியும்? இங்கே நிற்பவர்களுக்கு. பார்வை தானாகக் கீழே இறங்கியது, தன் இடுப்புக்கு. அப்பா வாங்கிக்கொடுத்த, இருப்பதிலேயே பளபளப்பான எஃகு.

காது வரைக்கும் சூடு ஏறியது. காந்தக் குடிசைக்கு வாளோடு வந்திருக்கிறாள், காந்தத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள்! சொல்லாமல் இருந்தால் இந்த அசட்டுத்தனம் யாருக்கும் தெரியாது. ஆய்வேடு மட்டும் செத்துப்போகும்.

அவள் ஹொங்கலாவின் காதருகே போனாள். "தாவெட்டி, வாள்."

"என்ன வாள்?"

"இரும்பு."

அவர் தன் இடுப்பைப் பார்த்தார். ஒரு நொடி அவருடைய முகம் காப்பி தீர்ந்துபோன கெட்டில் போல ஆயிற்று. அடுத்த நொடி சுதாரித்துக்கொண்டார். "இது இரும்பு இல்ல ஹெல்கா. இது கல்வியோட சின்னம்."

"சின்னத்தை எதுல செஞ்சிருக்கான்?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

ஹெல்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தயவுசெஞ்சு எல்லாரும் வேலிக்கு வெளியே போயிடுங்க. நான் மட்டும் இருக்கேன்."

ஏன் எதற்கு என்று முணுமுணுத்தபடி தொப்பிகள் வெளியேறின. கோடு இறங்கி இறங்கி, காலையில் இருந்த அதே பலகையாகப் படுத்தது. ஹெல்கா வாளை உறையிலிருந்து உருவினாள். குடிசைச் சுவரை நோக்கி நடந்தாள், கோடு எழுந்தது. பின்வாங்கினாள், படுத்தது. இரண்டு தடவை முன்னால் நீட்டி எடுத்தாள். திரையில் இரண்டு மலை முளைத்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் தன் முட்டாள்தனத்தைத் தானே வாளால் எழுதிக் காட்டுவது சுலபமாக இல்லை.

"இதுதான் புயல்" என்றாள். "என்னுதும் இதுல ஒண்ணு."

முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கிக்கொண்டு அமைச்சர் கேட்டார்: "அப்போ பேராசிரியரே, என் கொண்டை ஊசியை எதுக்குப் புடுங்கினீங்க?"

முதலில் சிர்க்கா வெடித்தாள். பிறகு பாடகர் குழு, அதுவும் நான்கு குரலில். ஹொங்கலா மட்டும் நிமிர்ந்தே நின்றார். "பாருங்க, எவ்வளவு தூரத்து வாளையும் கண்டுபிடிக்குது எங்க கருவி! இந்த நுட்பம் நாட்டுல வேற எங்க இருக்கு?" பெருமைப்பட ஏதாவது ஒன்றை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், அதில் அவர் உண்மையிலேயே முனைவர்.

"சரி" என்றார் அமைச்சர். "இது புயல் இல்ல. நிஜப் புயல் இன்னிக்கு வருமா, வராதா?"

ஹொங்கலா வாயைத் திறப்பதற்குள் ஹெல்கா சொன்னாள். "வரும். இப்ப இல்ல. வர்றது முறுக்கின கயிறு மாதிரி ஒரு காந்தம். முன்பாதி வடக்கே பாக்குது, மெதுவாத் திரும்பிட்டே இருக்கு. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத் தெக்கே பாக்கும். அப்ப கதவு திறக்கும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா அவர் வரைவுல கையெழுத்துப் போட்டுடுங்க."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. அமைச்சர் பேனாவை மூடினார்.

இருட்டியதும் விருந்துக்குக் கிளம்பினார்கள். வழியில் ஹெல்காதான் ஆரம்பித்தாள். "அப்பா, வாளைப் பத்தி எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னதுக்கு…"

"அத்தனை வாளும் இருந்தப்ப கோடு ஆடுச்சு. நீ தனியா நின்னப்பவும் ஆடுச்சே?"

"ஆடுச்சு."

"என் வாள் ஒண்ணே போதும்னு ஆச்சு" என்றார் ஏமெலி. "மத்தவங்க எல்லாம் வாடகைச் சரக்கு." பனிமான் மேய்ப்பவர்கள் வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம், அவர் மூக்கால் சிரித்தார். மேசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், சாப்பாடு முடிவதற்குள், பூமியின் காந்தத்தை ஆட்டிய வாளின் விலையைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

வாள்கள் கூடத்து வாசலில் கோட்டு மாட்டும் கொக்கிகளில் தொங்கின. சால்மன் சூப் வந்தது. ஹெல்கா மடியில் கைபேசியை வைத்து விண்கலத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடக்கு குறைந்தது. இன்னும் குறைந்தது. சூப் கோப்பைகள் போயின. பனிமான் கறியும் உருளைக்கிழங்கு மசியலும் வந்தன. எண் பூஜ்யத்தைத் தாண்டித் தெற்கே இறங்கியது. ஆனால் விண்கலத்தைத் தாண்டின காற்று பூமிக்கு வந்து சேர வேண்டுமே!

"சாப்பாடு வந்தாச்சு" என்றார் ஹொங்கலா எதிர்ப்பக்கத்திலிருந்து. "புயல் வரலையே, ஹெல்கா?"

"கறியை மென்னு முடி, தாவெட்டி."

அவர் மெல்லுவதற்குள், திரையைக் கவனிக்கும் பணியில் இருந்த யார்க்கோ கூடத்துக்குள் ஓடி வந்தான். "கோடு விழுது! கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி விழுது!"

ஹொங்கலா துள்ளி எழுந்தார். ஒரு தடவை சூடுபட்ட மனிதர். "எவன் வாளை எடுத்துட்டுக் குடிசைப் பக்கம் போனான்?" என்று கத்திக்கொண்டே கொக்கி வரிசைக்கு ஓடினார். விரல் வைத்து எண்ணினார். ஒன்று குறைந்தது. "நான் சொன்னேன்ல!" என்று திரும்பினார். தேடினார்கள். தெற்கிலிருந்து வந்த மூத்த முனைவர் ஒருவர் கூடத்து மூலையில் சாய்வு நாற்காலியில், தொப்பி மூக்கில் சரிய, வாள் இடுப்பிலேயே இருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து குடிசைவரை காந்தம் பாய வேண்டுமென்றால் அவர் மலையாக இருக்க வேண்டும்.

"நார்வே நிலையத்துல?" என்று ஹெல்கா கேட்டாள்.

"விழுது" என்றான் யார்க்கோ. "சுவீடன்லயும். எல்லா இடத்துலயும்."

"அங்கெல்லாம் யாருக்கு விழா, தாவெட்டி?" என்றாள் சிர்க்கா, தட்டை எடுத்தபடி.

விருந்தினர் பாதிப்பேர் வானத்து ஒளியைப் பார்க்க வெளியே ஓடினார்கள். கனத்த மேகம். ஒன்றும் தெரியவில்லை. திறந்த வாயோடு கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுவிட்டு, தூறல் விழவே உள்ளே வந்தார்கள்.

அமைச்சர் எழுந்து வந்தார். "இப்ப யாருக்குச் சொல்லணும்?"

"மின்கம்பிக் கட்டுப்பாட்டு அறைக்கு."

தொலைபேசியை ஹொங்கலா எடுத்தார். இயக்குநர் என்ற முறையில் அது அவர் உரிமை. தன் பெயர், பட்டம், நிலையத்தின் பெயர், நிலையத்தின் வயது, எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண் குரல், கூடத்துக்கே கேட்டது: "சரிங்க. விஷயம் என்ன?"

"காற்றின் வேகம்…" என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றார். வேகம் காலையிலிருந்து அதேதான். அது அவருக்கும் தெரியும். பிறகு, அவர் வாழ்க்கையில் செய்த மிகக் கண்ணியமான காரியத்தைச் செய்தார்: தொலைபேசியை ஹெல்காவிடம் நீட்டினார். "நீ சொல்லு. உன் விஷயம்."

"காந்தம் தெக்கே திரும்பிடுச்சு" என்றாள் ஹெல்கா. "பலமா. கதவு திறந்திருக்கு. வடக்குப் பக்கத்து நீளக் கம்பியில எல்லாம் சுமையைக் குறைங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"திரும்பி வடக்கே பாக்கறவரைக்கும். பாக்கும்போது நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

"உறுதியா? போன மாசம்கூட வெளிநாட்டுலேருந்து ஒரு எச்சரிக்கை வந்துச்சு, ஒண்ணும் நடக்கல."

"அது வேகத்தைப் பாத்துச் சொன்னது. இது திசையைப் பாத்து."

அமைச்சர் நின்றபடியே, பியர் கோப்பை வைத்த ஈர வட்டத்தின் மேலேயே ஹெல்காவின் வரைவை விரித்துக் கையெழுத்துப் போட்டார். ஏமெலி எட்டிப் பார்த்து மை காய ஊதிக்கொடுத்தார்.

"தெற்கு" என்று அந்தப் பெண் தன் அறையில் யாரிடமோ சொல்வது கேட்டது. "தெற்கா?" என்றது இன்னொரு குரல், தள்ளி. "தெற்காம், தெற்காம்" என்று மூன்றாவது குரல் வேறு யாருக்கோ கடத்தியது. தெற்கே வெகு தூரத்து நகரத்தில், இதற்கு முன் அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு சுவிட்சைக்கூட அசைத்திராத மனிதர்கள், ஒவ்வொருவராக சுவிட்சுகளை அசைக்கத் தொடங்கினார்கள். ஹெல்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், கடைசிக் குரல் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.